சேலையூர் அலமாரியில் 'சுழற்காற்று' இல்லை

எட்டு வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒரே அலமாரியில் புத்தகம் வைப்பது எப்படி?

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து நடந்து போகிற தூரம்தான் எங்கள் அடுக்ககம். தரைத்தளத்தில் அசோசியேஷன் அறை. அங்கே கேரம் போர்டுக்கும் பழைய ஜெனரேட்டர் பில் கட்டுகளுக்கும் நடுவே ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. அதன் மேல் 'நூலகம்' என்று யாரோ எப்போதோ பெயின்ட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். போன வருடம் அதன் சாவி என் கைக்கு வந்தது. வேறு யாரும் வாங்கிக்கொள்ள முன்வராததுதான் காரணம்.

திறந்து எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் புத்தகங்கள். அதில் பொன்னியின் செல்வன் மட்டும் 3 செட்.

ஆச்சரியம் ஒன்றுமில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாகிவிட்டது. கல்யாணத்துக்கும் பணிநிறைவு விழாவுக்கும் கொடுக்கத் தோதான, கனமான, பழுதில்லாத பரிசு. 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது இன்னொரு அலை. வீட்டில் இடம் அடைக்கிறது என்று தோன்றியதும் எங்கள் அலமாரிக்கு நன்கொடையாக இறங்கிவிட்டது. ஐந்து பாகம் வீதம் மொத்தம் 15 இருக்க வேண்டும். இருந்தது 12. மூன்று செட்டிலும் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' மட்டும் காணோம்.

கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். மூன்று பேர் முதல் பாகமான 'புதுவெள்ளம்' முடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆசையாக அடுத்த பாகத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள். எங்கேயோ நடுவில் நின்றுபோயிருக்கிறார்கள். முடிக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வெட்கம். அது கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் வாசிப்பைப் பற்றி இதைவிடத் துல்லியமான புள்ளிவிவரம் எனக்குக் கிடைக்கவில்லை.

மீதிப் புத்தகங்களில் பாதி, பொறியியல் நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள். அப்புறம் சுலோகப் புத்தகங்கள், சீக்கிரம் பணக்காரராவதற்கான யோசனைகள், யாரோ வெளிநாட்டு விமானத்தில் படித்துவிட்டுக் கொண்டுவந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள். ஒன்பது வயதுக் குழந்தை கையில் எடுத்துப் புரட்டும்படி ஒரே ஒரு புத்தகம்கூட இல்லை. பக்கத்தில் ஏரி இருக்கிறது, எதிரே கிறித்தவக் கல்லூரியின் காடு இருக்கிறது. பறவை பற்றியோ மரம் பற்றியோ ஒன்றுமில்லை. எங்கள் குடியிருப்பில் விமானப்படையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் உண்டு, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் உண்டு, குரூப் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் உண்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட பாட்டிகள் உண்டு. இவர்களில் யாரையும் மனதில் வைத்து அந்த அலமாரி சேரவில்லை. அவரவருக்கு வேண்டாததுதான் அங்கே சேர்ந்திருந்தது.

வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது, செல்போன் கெடுத்துவிட்டது என்று எழுதுவதற்கு எனக்கும் கை பரபரக்கிறது. ஆனால் அந்த அலமாரியைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதைத் திறந்து பார்க்கிற எந்தக் குழந்தையும் செல்போனைத்தான் எடுக்கும்.

காலேஜ் எதிரே ஒரு கணக்கு வாத்தியார்

புத்தகத் தேர்வைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஒருவர் எங்கள் ஊர்க் கல்லூரியின் மாணவர். சரியாகச் சொன்னால், கல்லூரி எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே அங்கே படித்து முடித்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது 1937-இல். 365 ஏக்கர் புதர்க்காட்டுக்குள் கட்டிய விடுதிகளில் ஒன்றுக்கு 'சேலையூர் ஹால்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்த காலத்தில், 1913-இல் கணிதத்தில் இளங்கலையும் 1916-இல் முதுகலையும் முடித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன்.

நூலகத்துறைக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன சில நாளிலேயே சலித்துவிட்டது. பேச ஆள் இல்லை, வேலை இல்லை, பழைய வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். கூலிக்காரரும் குழந்தையும் வீட்டுப் பெண்களும் ஒரே கட்டடத்துக்குள் வந்து தங்களுக்கானதை எடுத்துப் போவதைப் பார்த்த பிறகு, அவர் வகுப்பறைக்குத் திரும்பவே இல்லை.

1931-இல் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' வெளியானது. நூலகத்துறை மாணவர்கள் தேர்வுக்காக உருப்போடுகிற அந்த ஐந்தில், வீட்டில் அலமாரி வைத்திருப்பவர்களுக்கு வேண்டியவை நடுவில் இருக்கிற இரண்டும்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு புத்தகமும் தனக்கான வாசகரைச் சேர வேண்டும் என்பது மற்றொன்று. கேட்டால் ஒரே விஷயத்தைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும். முதலாவது, ஆளைப் பார்த்துவிட்டுப் புத்தகம் தேடச் சொல்கிறது. இரண்டாவது, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடச் சொல்கிறது. நம் வீடுகளில் இரண்டும் நடப்பதில்லை. நமக்குப் பிடித்ததை வாங்குகிறோம், அல்லது பிள்ளைக்கு எது நல்லது என்று நாம் நினைக்கிறோமோ அதை வாங்குகிறோம்.

அதே 1931 அக்டோபரில், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சி அது. கிராமம் கிராமமாகப் போய்ப் புத்தகம் இரவல் கொடுத்த வண்டி. அந்த வண்டியை நினைத்தால் எனக்கு எங்கள் இரும்பு அலமாரிதான் ஞாபகத்துக்கு வரும். இரண்டிலும் இடம் கொஞ்சம். வண்டியில் ஒரே கதையை மூன்று செட் ஏற்றினால் அந்த அளவுக்கு வேறு யாரோ ஒருவரின் புத்தகம் கீழே இறங்கியாக வேண்டும்.

பல்லாவரத்து அலமாரி

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது நிலையம் பல்லாவரம். அங்கே 1911 முதல் 1950-இல் மறையும் வரை வாழ்ந்தவர் மறைமலையடிகள். அவரும் கிறித்தவக் கல்லூரிக்காரர்தான். 1898 முதல் 1911 வரை அங்கே தமிழாசிரியர்.

தனித்தமிழ் என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் அவருடையது. அப்படிப்பட்டவரின் வீட்டில் தமிழ் நூல் தவிர எதற்கும் இடம் இருந்திருக்காது என்று நினைப்போம். அவர் சேர்த்துவைத்த சுமார் 4,000 நூல்களில் ஆங்கிலப் புத்தகங்கள் ஏராளம். வடமொழியும் படித்தவர், சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சி எழுதிய அதே கை, அறிதுயில் பற்றி எழுதியது, மனவசியம் பற்றி எழுதியது, மனிதர் நூறாண்டு வாழ்வது எப்படி என்றும் எழுதியது. இன்றைக்கு ஒரு புத்தகக் கடையில் இவற்றை ஐந்து வேறு தட்டுகளில் தேட வேண்டியிருக்கும்.

அவர் மறைந்த பிறகு, அந்தத் தொகுப்பை வைத்துச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை 1958-இல் மறைமலையடிகள் நூலகத்தைத் தொடங்கினார். ஒருவர் தனக்காகச் சேர்த்த அலமாரி ஊருக்கே நூலகமாக முடிந்ததற்குக் காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஒரே துறையில் 4,000 புத்தகம் வைத்திருந்தால் அது ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் பயன்பட்டிருக்கும்.

வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டே இருப்பவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், நான் இவரைத்தான் சொல்வேன். தன் கொள்கைக்கு வெளியே இருக்கிற புத்தகத்துக்கும் காசு செலவழித்தவர்.

என் 40 புத்தகங்கள்

சாவி கையில் இருக்கிறது, அசோசியேஷனில் கொஞ்சம் பணமும் ஒதுக்கினார்கள். பொங்கல் நேரத்துப் புத்தகக் காட்சிக்குக் கிளம்பினேன். தாம்பரத்தில் ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோ மாறி, நந்தனத்தில் இறங்கினால் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். 1977-லிருந்து சென்னையில் நடக்கிற திருவிழா. பிள்ளைகளுக்கென்றே 40 புத்தகம் வாங்கிக்கொண்டு, தோள் வலிக்க வீடு வந்து சேர்ந்தேன்.

தேசத் தலைவர்களின் வரலாறு, நீதிக்கதை, அறிவியலாளர் வாழ்க்கை, எளிய உரையோடு திருக்குறள், மறுபடியும் நீதிக்கதை. எல்லாமே நல்ல புத்தகங்கள். ஒரு மாதத்தில் அவற்றில் வெளியே போனவை இரண்டு. இரண்டையும் எடுத்துப் போனவர் என் மனைவி.

அந்த 40-க்கு நடுவில், எனக்காக வாங்கிய ஒரு பழைய முத்து காமிக்ஸ் தவறுதலாகக் கலந்துபோயிருந்தது. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து கிளம்பிய அந்தக் காமிக்ஸ் வரிசையில்தான் என் தலைமுறையில் பாதிப் பேர் தமிழ் வாசிக்கப் பழகினோம். அந்த ஒன்று மட்டும் இரண்டாவது மாடிக்குப் போய், அங்கிருந்து நான்காவது மாடிக்குப் போய், அட்டை இல்லாமல் திரும்பி வந்தது.

நான் செய்த தப்பு என்னவென்று புரிய எனக்கு நாளாயிற்று. ஜப்பானில் இஷீ மோமோகோ என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். 1958-இல் டோக்கியோவில் தன் வீட்டு அறையையே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு நூலகமாகத் திறந்துவிட்டார். சும்மா திறந்ததோடு நிற்கவில்லை. எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுக்கிறது, எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்று கவனித்து எழுதிவைத்தார். அந்த அனுபவத்தை 1965-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். அதைப் பார்த்து ஜப்பானில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டு அறையைத் திறந்துவிட்டார்கள். பெரியவர்கள் நல்லது என்று சான்றிதழ் கொடுத்ததை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, குழந்தையின் கை போகிற இடத்தைப் பார்ப்பதுதான் தேர்வின் முதல் வேலை என்று அவர் நம்பினார்.

நானும் ஒரு நோட்டுப் போட்டேன். சனிக்கிழமை மாலை 5 முதல் 6 வரை அறையைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, வாய் திறக்காமல் பார்ப்பது. 'இதை எடுத்துக்கோ கண்ணு, நல்லா இருக்கும்' என்று சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

பேசத் தெரியும், படிக்கத் தெரியாது

மூன்றாவது சனிக்கிழமை ஒரு விஷயம் உறைத்தது. வருகிற பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை. வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். பள்ளியில் இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்திருக்கிறார்கள். பதினோரு வயதுப் பையன் ஒருவன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அவன் வயதுக்கு ஏற்ற கதை அவன் வாசிக்கக்கூடிய எளிய தமிழில் இல்லை, அவன் வாசிக்கக்கூடிய தமிழில் இருக்கிற புத்தகம் ஐந்து வயதுக் குழந்தைக்கானது. அதைக் கையில் பிடிக்க அவனுக்குக் கூச்சம்.

தென்சென்னைப் புறநகரில் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேடுகிற எவரும் இந்த முடிச்சைத் தாண்டித்தான் போக வேண்டும். வயதைப் பார்த்து வாங்கினால் தோற்போம். அரசுப் பள்ளிகளுக்காக 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தது. சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பிரித்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை 'நட' எடுத்தால் அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிற பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படிக்கட்டு அமையவில்லை என்பதுதான் வேடிக்கை.

சென்னையிலேயே 1996-இல் தொடங்கிய துலிகா பதிப்பகம், ஆங்கிலமும் தமிழும் அருகருகே வருகிற படப்புத்தகங்களைப் போட்டுவருகிறது. அவற்றில் சிலவற்றை வாங்கிவைத்தோம். எதிர்பாராத ஆள் அவற்றை எடுத்துப் போனார்: ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருவர். பேத்தி ஆங்கிலப் பக்கத்தைப் படிக்க, பாட்டி தமிழ்ப் பக்கத்தைப் படிக்க, இருவருக்கும் ஒரே படம். புத்தகம் தனக்கான வாசகரைத் தேடிக்கொண்டு போகும் என்று ரங்கநாதன் சொன்னதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவது இன்னொரு வழி. இதற்குத் தோதான புத்தகம் எது என்று கண்டுபிடிப்பது சுலபம். கடையில் நின்றுகொண்டே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூன்றாவது வரியில் நாக்கு தடுக்கினால் வைத்துவிடலாம். 'கூறினான்', 'வினவினாள்' என்று கதைமாந்தர்கள் பேசிக்கொண்டே போனால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள்.

கண்ணாடியும் ஜன்னலும்

அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பிள்ளைகளுக்குப் புத்தகம் சில சமயம் ஜன்னலாகவும் சில சமயம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்றார். கறுப்பினக் குழந்தைகள் படிக்கிற புத்தகங்களில் அவர்களின் முகமே இல்லாமல் போனதைப் பற்றி எழுந்த பேச்சு அது. சேலையூருக்கும் அது பொருந்தும். நம் பிள்ளைகளின் ஆங்கில அலமாரியில் முழுக்க ஜன்னல்கள். பனி பெய்கிறது, மாயப் பள்ளிக்கூடத்துக்கு ரயில் போகிறது. தமிழ் அலமாரியில் ராஜாவும் மந்திரியும் காட்டில் பேசுகிற நரியும். 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதைப் பார்த்த பிள்ளை, தாம்பரம் நடைமேடையில் அம்மாவுக்காகக் காத்திருக்கிற பிள்ளை, இரண்டு அலமாரியிலும் இல்லை.

ஆனால் தமிழில் சிறார் எழுத்து வறண்டுகிடக்கிறது என்று சொல்வது இன்றைக்குச் சோம்பேறித்தனம். சாகித்ய அகாடமி 2010-லிருந்து கொடுத்துவரும் பால சாகித்ய புரஸ்கார் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலே ஒரு தட்டு நிரம்பும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உடலைத் தொட யாருக்கு உரிமை என்பதைப் பற்றி, அம்மாக்கள் பேசத் தயங்குகிற விஷயத்தைப் பற்றிப் பேசுகிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக்குக் கூட்டிப்போகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா', யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' என்று வரிசை நீள்கிறது. விருது வாங்கியது என்பதற்காகப் பிள்ளைகளுக்குப் பிடித்தாக வேண்டும் என்றில்லை. ஆனால் கடையில் திருதிருவென்று நிற்பவருக்கு அது பிடிமானம்.

ஜன்னல்களுக்கும் குறைவில்லை. ஜப்பானிலிருந்து 'டோட்டோ-சான்' தமிழில் கிடைக்கிறது. பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்' இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மாஸ்கோவிலிருந்து வழவழத் தாளில் வந்த புத்தகங்கள் நினைவிருக்கும். 'முதல் ஆசிரியர்' படித்துவிட்டு அழுதவர்கள் கையைத் தூக்குங்கள்.

கண்ணாடிக்கு என் சொந்த யோசனை ஒன்று. ஊரைப் பற்றிப் படிக்க வைப்பது. 1863 மே மாதம் 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் சரளைமண் குழியிலிருந்து ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கல், இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி. தினமும் ரயிலில் கடக்கிற இடம் அது. ஒரு சனிக்கிழமை இதைச் சொன்னபோது கூட்டத்தில் இரண்டு பையன்கள் செல்போனைக் கீழே வைத்தார்கள். தொல்லியல் பற்றி ஏதாவது இருக்கிறதா அங்கிள் என்று அடுத்த வாரம் ஒருவன் கேட்டான். எங்கள் அலமாரியில் ஒன்றுமில்லை. வாங்க வேண்டியவை என்று நோட்டில் எழுதிய முதல் வரி அதுதான். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வருகிற பறவைகளைத் தெரிந்துகொள்ள தியடோர் பாஸ்கரனின் இயற்கைக் கட்டுரைகளை அதற்கு அடுத்த வரியில் எழுதினேன். பிள்ளைகளுக்கு என்று நினைத்து வாங்கியதை ஓய்வுபெற்ற ரயில்வே தாத்தா ஒருவர்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனார்.

ஓய்வுபெற்ற பிறகு கேட்பது வேறு

அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் என்றாலே பக்திப் புத்தகம் என்று நாங்கள் ஒரு தட்டு ஒதுக்கியிருந்தோம். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்க்கிறார். நட்சத்திரங்களைப் பற்றித் தமிழில், பெரிய எழுத்தில் வேண்டும் என்று கேட்டார். பெரிய எழுத்து என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. எழுத்தின் அளவு சிறிதாக இருந்தால் எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும் எழுபது வயதுக்காரருக்கு அது பூட்டிய கதவு.

பழைய வானியல் புத்தகம் ஒன்று அலமாரியிலேயே இருந்தது. திறந்து பார்த்தால் ஒன்பது கிரகம். 2006-லேயே புளூட்டோவை அந்த வரிசையிலிருந்து இறக்கிவிட்டார்களே என்று அவரே சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அலமாரியைக் களையெடுத்தோம். பொது அறிவுப் புத்தகத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் 38-க்குக் குறைவாக இருந்தால் அது 2020-க்கு முந்தையது, வெளியே. காலாவதியான நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள் வெளியே. புத்தகத்தை எறிவது பாவம் என்று ஒரு அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்றார். தப்பான தகவலைப் பிள்ளை கையில் கொடுத்தால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று தாத்தா கேட்டார். அக்கா இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

பழையது எல்லாமே களை இல்லை. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 10 தொகுதிகள். அதன் பிறகு, 1968-லிருந்து 1976 வரை, குழந்தைகளுக்கென்றே இன்னொரு 10 தொகுதிகள். விஷயம் பழசாகியிருக்கலாம். ஒரு கருத்தைத் தமிழில் இப்படிக்கூட விளக்கலாமா என்று வியக்க வைக்கிற நடை பழசாகவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற தளங்களில் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது தாத்தாவுக்குத் தனி மகிழ்ச்சி. செல்போனைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குரூப் தேர்வுக்குப் படிக்கிற பெண்களுக்கு அலமாரியே தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது சத்தமில்லாத ஓர் இடமும் ஒரு மின்விசிறியும். 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே இடம் பிடிக்கக் காலையிலேயே போகிறவர்கள் உண்டு. எங்கள் அசோசியேஷன் அறையைப் பகலில் அவர்களுக்குத் திறந்துவிட்டோம். இதில் ஒரு ருசிகரம்: மூன்று மணி நேரம் அரசியலமைப்பைப் படித்துக் களைத்தவர்கள், கை எட்டுகிற தூரத்தில் இருந்த சிறுகதைத் தொகுப்புகளை எடுக்க ஆரம்பித்தார்கள். தேர்வுக்குச் சம்பந்தமில்லாதது என்பதாலேயே.

பாதியில் வைத்துவிடுங்கள்

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடைக்குப் போனால் மகளுக்கு மூன்று புத்தகம். ஒன்று அவள் இஷ்டம், அது என்ன குப்பையாக இருந்தாலும் நான் பேசக் கூடாது. ஒன்று என் இஷ்டம், அவள் முகம் சுளிக்கக் கூடாது. மூன்றாவதை இருவருக்கும் ஒன்றுமே தெரியாத தட்டிலிருந்து எடுக்க வேண்டும். சமையல், சதுரங்கம், எறும்பு, வங்கி, எதுவானாலும் சரி. இதுவரை அதிகம் படிக்கப்பட்டது மூன்றாவதுதான். பெரியவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். நாவலாகவே படித்துக்கொண்டிருந்தவர் ஒரு தடவை மண்புழுவைப் பற்றிப் படிக்கட்டும்.

அப்புறம், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டபோது, முடிக்காமல் விடுவதையும் அதில் ஒரு உரிமையாகச் சேர்த்தார். அவர் பள்ளி ஆசிரியரும்கூட. எடுத்த புத்தகத்தை முடித்தே தீர வேண்டும் என்று நாம் பிள்ளைகளை வளர்ப்பதால்தான், முடிக்காதவர்கள் திருப்பிக் கொடுக்கக் கூசி, புத்தகத்தைப் பரணில் ஒளிக்கிறார்கள். 'சுழற்காற்று' போன வழி அதுதான்.

ஒன்று ஞாபகத்தில் இருக்கட்டும். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பின்னாலும் ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. அதன்படி நாம் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் போகிறது. தாம்பரம் மாநகராட்சியில் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும், வாடகை வழியாகக் குடியிருப்பவர்களும், பக்கத்துக் கிளை நூலகத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டோம். உள்ளே போய் உறுப்பினராகி, எங்கள் பிள்ளைகளுக்கு இன்ன புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி. அப்படிக் கேட்க நீங்கள் போகும்போது, உங்கள் வீட்டில் மிகச் சின்னவரையும் மிகப் பெரியவரையும் கூட அழைத்துப் போங்கள்.

எங்கள் அலமாரிக்கும் நன்கொடை வாங்கிக்கொள்கிறோம். நுழைவுத் தேர்வு வழிகாட்டி வேண்டாம். பெரிய எழுத்தில் வானியல், படத்தோடு பறவைகள், எந்த நிலையில் இருந்தாலும் முத்து காமிக்ஸ் வேண்டும். பொன்னியின் செல்வன் கொடுப்பதாக இருந்தால் இரண்டாம் பாகம் மட்டும் போதும். 3 பிரதிகள். பாதியில் அடையாளம் வைத்திருந்தாலும் பரவாயில்லை, பெயர் கேட்க மாட்டோம்.